'த ஹோல் நைன் யார்ட்ஸ்': அந்த ஒன்பது கஜம் எங்கிருந்து வந்தது?

'த ஹோல் நைன் யார்ட்ஸ்' என்று அமெரிக்கர்கள் சொல்கிறார்களே, அதற்கு என்ன பொருள்? அது இரண்டாம் உலகப்போர் விமானங்களின் தோட்டாப் பட்டையிலிருந்து வந்ததா, நம் ஒன்பது கஜப் புடவையிலிருந்து வந்ததா? இதுதான் கேள்வி.

பொருள் எளிது: ஒன்று விடாமல் எல்லாம், முழுக்க முழுக்க. வரலாறுதான் கொஞ்சம் நீளம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தோட்டாவும் இல்லை, புடவையும் இல்லை. அச்சில் கிடைக்கும் தடயங்களின்படி, இது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் இந்தியானா, கென்டக்கி மாநிலங்களின் சிற்றூர்ப் பேச்சில் புழங்கிய தொடர். அங்கே அது சில சமயம் ஒன்பது கஜமாகவும் சில சமயம் ஆறு கஜமாகவும் இருந்தது. இந்த ஒரு விவரம் போதும், இணையத்தில் உலவும் விளக்கங்களில் பெரும்பாலானவற்றை ஓரங்கட்டிவிடலாம்.

முதலில் பயன்பாட்டைப் பார்ப்போம். மூன்று இடங்களில்தான் இது அதிகம் வரும். ஒன்று, பட்டியலின் கடைசியில். 'தே ஹேட் எ பேண்ட், ஃபயர்வொர்க்ஸ், த ஹோல் நைன் யார்ட்ஸ்' என்றால் பேண்டு, வாணவேடிக்கை என்று ஆரம்பித்து ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை என்று பொருள். இரண்டு, 'கோ' என்ற வினையோடு. ஒரு வேலையை அரைகுறையாக விடாமல் கடைசிவரை செய்வதை 'கோ த ஹோல் நைன் யார்ட்ஸ்' என்பார்கள். மூன்று, 'டெல்', 'கிவ்' போன்ற வினைகளோடு. அப்போது நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்வது என்று பொருள்படும். இந்த மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வரலாற்றுப் பகுதியில் தேவைப்படும்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. முன்னால் வரும் 'த' விடுபடக் கூடாது, அதன் இடத்தில் 'எ' போடவும் கூடாது. 'யார்ட்' என்று ஒருமையில் எழுதினால் தொடர் உடைந்துவிடும். 'நைன் ஹோல் யார்ட்ஸ்' என்று சொற்களை இடம் மாற்றினால் அது மரபுத்தொடராக நிற்காது, துணிக்கடைக் கணக்காகிவிடும். இன்னொன்று, இது முழுமையைக் குறிக்குமே தவிர தரத்தைக் குறிக்காது. சாப்பாடு பிரமாதம் என்று சொல்ல இதைப் பயன்படுத்த முடியாது. சூப்பில் தொடங்கி இனிப்பு வரை எல்லாம் பரிமாறினார்கள் என்று சொல்ல முடியும். நண்பர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் அலுவலக அரட்டையிலும் தாராளமாக வரலாம். வேலை விண்ணப்பத்திலோ ஒப்பந்தத்திலோ வேண்டாம். என்னென்ன அடங்கும் என்று துல்லியமாகச் சொல்ல வேண்டிய ஆவணத்தில் 'எல்லாமே' என்று பொருள் தரும் கொச்சைத்தொடர் வந்தால், பிறகு எது அடங்கியது, எது அடங்கவில்லை என்று சண்டைதான் மிஞ்சும். பிரிட்டிஷ்காரர்களுக்கும் இது புரியும், ஆனால் பிறப்பால் இது அமெரிக்கத் தொடர்.

அமெரிக்கக் கால்பந்துச் செய்தியில் 'நைன் யார்ட்ஸ்' என்று வந்தால் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே அது உண்மையிலேயே ஒன்பது கஜ தூரம்.

இப்போது வரலாறு. இதைப் பின்னோக்கிச் சொல்வதுதான் சரி, ஏனென்றால் ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததும் அந்த வரிசையில்தான். வெகுகாலம் வரை எல்லோரும் சுட்டிக்காட்டிய பழைய சான்று 1960களின் நடுப்பகுதி, வியட்நாம் போர்க்கால அமெரிக்க விமானப்படை. அந்தப் போரின் விமானிகளைப் பற்றி எலெய்ன் ஷெப்பர்டு எழுதி 1967இல் வந்த நூலில் இத்தொடர் இருக்கிறது. விமானிகள் வாயில் வந்ததால் விமானக் கதைகள் இதைச் சுற்றி முளைத்தது இயல்புதான். பிறகு 1964ஆம் ஆண்டின் செய்தித்தாள் கட்டுரை ஒன்று கிடைத்தது. அமெரிக்க விண்வெளித் திட்டத்தில் வேலை செய்தவர்களின் கொச்சைமொழியைப் பற்றிய கட்டுரை அது. அதில் இத்தொடருக்குத் தந்திருந்த விளக்கம்: எந்தத் திட்டத்தைப் பற்றியும் ஒவ்வோர் அம்சமாக எடுத்துச் சொல்லும் முழு அறிக்கை. அதற்கும் முன்னால் 1962இல் மிச்சிகனில் வந்த ஒரு சிறுகதையிலும், அதே ஆண்டு டிசம்பரில் ஒரு கார் பத்திரிகைக்கு வந்த வாசகர் கடிதத்திலும் தொடர் அகப்பட்டது. சிறுகதையும் கார் கடிதமும் விமானப்படைக்குச் சம்பந்தமில்லாதவை. விமானக் கதைகள் அங்கேயே ஆட்டம் கண்டன.

அடுத்த தடயம் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. கென்டக்கி மாநிலத்தின் வேட்டை, மீன்பிடிப்புக்கான பத்திரிகை 'கென்டக்கி ஹேப்பி ஹண்டிங் கிரவுண்ட்'. அதன் 1956 ஜூலை இதழில் ஒரு மீன்பிடிப் போட்டியின் விவரங்களைச் சொல்லிவிட்டு, 'இதுதான் மொத்த ஒன்பது கஜமும்' என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். 1957இல் அதே பத்திரிகையில் 'கோ' வினையோடும் வந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் தொடருக்கு விளக்கம் இல்லை. வாசகர்களுக்கு முன்பே தெரிந்த பேச்சு என்பதற்கு அதுவே அடையாளம். புதிதாக உருவான கொச்சைச்சொல் அச்சேறும்போது பெரும்பாலும் மேற்கோள் குறியோடோ விளக்கத்தோடோ வரும். விளக்கம் இல்லாமல் சாதாரணமாக வந்தால், பேச்சில் அது ஏற்கெனவே பழையது.

2012இல் பெரிய திருப்பம். வட கரோலினாவைச் சேர்ந்த ஆய்வாளர் பானி டெய்லர்-பிளேக், யேல் சட்டக் கல்லூரியின் நூலகரும் மேற்கோள் அகராதித் தொகுப்பாளருமான ஃபிரெட் ஷப்பிரோ ஆகியோரின் தேடலில் 1912ஆம் ஆண்டு சான்றுகள் வெளிவந்தன. கென்டக்கியின் மவுண்ட் வெர்னன் என்ற சிற்றூரிலிருந்து வெளியான 'மவுண்ட் வெர்னன் சிக்னல்' என்ற பத்திரிகையில் அவை இருந்தன. அந்த ஆண்டு குடியரசுக் கட்சிக்குள் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டும் அப்போதைய அதிபர் டாஃப்டும் மோதிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அதில் எழுதுகிறார்: சண்டை முற்றட்டும், அவர்களே ஒருவரைப் பற்றி ஒருவர் 'மொத்த ஆறு கஜத்தையும்' சொல்லிவிடுவார்கள். சில வாரம் கழித்து இன்னொரு குறிப்பு: வெளியூர் போயிருந்ததால் இந்த இதழுக்குச் செய்தி முழுவதும் சேகரிக்க முடியவில்லை, அடுத்த இதழில் 'ஆறு கஜத்தையும்' தருகிறோம். 1921இல் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் பத்திரிகை ஒன்றின் தலைப்பிலும் ஆறு கஜம்தான். ஒன்பதைக் காணோம், ஆறுதான் இருக்கிறது!

'ஆறு பெருத்து ஒன்பதானது' என்று அப்போது பலர் முடிவு கட்டினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு முன்மாதிரியும் உண்டு. மிதமிஞ்சிய மகிழ்ச்சியைக் குறிக்கும் 'கிளவுட் நைன்' என்ற தொடருக்கு 'கிளவுட் செவன்' என்ற வடிவமும் இருந்தது. பின்னாளில் ஒன்பது நிலைத்தது. ஆனால் 2013இல் அந்த அழகான கோட்பாடும் சிக்கலுக்குள்ளானது. இந்தியானாவின் மிட்செல் என்ற ஊரின் 'மிட்செல் கமர்ஷியல்' பத்திரிகையில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் 'த ஃபுல் நைன் யார்ட்ஸ்' என்று வந்திருப்பது தெரிந்தது. ஆக, கிடைத்த சான்றுகளில் ஒன்பதுதான் ஆறைவிட மூத்தது. எண் வளர்ந்துகொண்டே போனது என்று சொல்வதைவிட, எண் அப்போது நிலைபெறவே இல்லை, ஊருக்கு ஊர் மாறியது என்று கொள்வதே பொருத்தம்.

அந்த மிட்செல் குறிப்புகள் இரண்டும் சுவையானவை. 1907 மே மாதக் குறிப்பு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றியது. ஊர் அணி வியாபாரிகளோடு ஆடப்போகிறது, அவர்கள் தாங்கும் மட்டும் இன்னிங்ஸ் ஆடுவார்கள், 'முழு ஒன்பது கஜத்துக்கு' உத்தரவாதம் இல்லை என்கிறது. பேஸ்பாலில் அணிக்கு ஒன்பது பேர், முழு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். அதே குறிப்பில் அணியையே 'நைன்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்த தொடரை வைத்துப் பத்திரிகைக்காரர் சிலேடை ஆடியிருக்கிறார் என்று வாசிக்கவே தோன்றுகிறது. 1908 ஜூன் குறிப்பு இன்னும் முக்கியம். ஒருவர் மீன்பிடிக்கப் போய்வந்து பெரிய கதை வைத்திருக்கிறார். நின்று கேட்க எங்களால் முடியாது, யாராவது அப்பாவி அகப்பட்டால் அவனிடம் 'முழு ஒன்பது கஜத்தையும்' அளந்துவிடுவார் என்கிறது.

இப்போது சான்றுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1908இல் மீன்பிடிக் கதை. 1912இல் அரசியல் குட்டுகளைச் சொல்வது, செய்தி சொல்வது. 1956இல் போட்டி விவரம் சொல்வது. 1964இல் திட்ட அறிக்கை சொல்வது. ஆரம்பக்காலச் சான்றுகளில் பாதிக்கு மேல் ஒரு பொருளின் அளவைப் பற்றியவை அல்ல, சொல்லும் கதையின் நீளத்தைப் பற்றியவை. என் கணிப்பில் தொடரின் கரு இதுதான்: நீட்டி முழக்கிச் சொல்லும் முழு விவரம். 'எல்லாம்' என்ற பொதுப்பொருள் அதிலிருந்து பரவியது. கதையைக் கஜக்கணக்கில் அளப்பது ஆங்கிலத்துக்கு அந்நியமும் இல்லை. மாலுமி சொல்லும் நீண்ட கதையை அவர்கள் நூல் என்றே சொல்வார்கள். 'யார்ன்' என்றால் நூலும் உண்டு, கதையும் உண்டு. கதை விடுவதை நாம் 'அளக்கிறான்' என்கிறோமே, அந்த மனப்போக்குதான்.

துணியோடு நேர்த்தொடர்பு இருக்கிறதா? ஒரு பழைய நகைச்சுவைத் துணுக்கைச் சிலர் காட்டுவார்கள். இந்தியானாவின் நியூ ஆல்பனி ஊர்ப் பத்திரிகை ஒன்றில் 1855இல் வந்தது. நீதிபதி ஒருவருக்கு மூன்று சட்டைக்கு வேண்டிய துணி வாங்கச் சொன்னார்கள். தைத்தவளோ 'ஒன்பது கஜத்தையும்' ஒரே சட்டையாகத் தைத்துவிட்டாள். சொற்கள் அப்படியே இருக்கின்றன, ஊரும் அதே தெற்கு இந்தியானா வட்டாரம். கைதட்டத் தோன்றும். ஆனால் அங்கே பேசப்படுவது நிஜத் துணி, நிஜக் கஜம். அதற்கும் 1907க்கும் நடுவே ஐம்பது ஆண்டு இடைவெளி. அதைப் பாலமாக்கும் சான்று இல்லாதவரை, 'சாத்தியம் உண்டு' என்பதற்கு மேல் போகக் கூடாது.

இனி, பிரபலமான விளக்கங்களைச் சோதித்துவிடுவோம். தோட்டாப் பட்டைக் கதைதான் எல்லாவற்றிலும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. போர் விமானத்தின் இயந்திரத் துப்பாக்கிக்கான பட்டை 27 அடி, அதாவது ஒன்பது கஜம்; எதிரிமேல் மொத்தத்தையும் கொட்டிவிட்டு வந்த விமானி அப்படிச் சொன்னான் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டையின் நீளம் விமானத்துக்கு விமானம், ஒரே விமானத்திலேயே துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். பி-51டி மஸ்டாங் என்ற போர் விமானத்தில் உள்பக்கத் துப்பாக்கிகளுக்குத் தலா 400 தோட்டா, மற்றவற்றுக்குத் தலா 270. இரண்டும் ஒரே நீளம் ஆக முடியாது. தவிர, தோட்டாவை எண்ணிக்கையில்தான் கணக்கு வைப்பார்கள், கஜத்தில் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக 1907இல் விமானத்தில் துப்பாக்கியே கிடையாது.

அடுத்தது கான்கிரீட் லாரி. சுழலும் பீப்பாயில் ஒன்பது கன கஜம் கொள்ளும், அதை முழுக்கக் கொட்டினால் 'ஹோல் நைன் யார்ட்ஸ்' என்பது கதை. நியூயார்க் டைம்ஸில் மொழிப்பத்தி எழுதிய வில்லியம் சஃபயர் 1980களில் இதற்கு ஆதரவாக நின்றதால் இதற்கு மவுசு கூடியது. இன்றைய லாரிகளைப் பார்த்தால் ஒன்பது கன கஜம் பொருந்தவும் செய்யும். ஆனால் 1964இல் அத்துறையின் பத்திரிகையே எழுதியிருக்கிறது: சில ஆண்டுகள் முன்புவரை 4.5 கன கஜ லாரியே வழக்கம், 1962வாக்கில்தான் நாட்டுச் சராசரி 6.24க்கு ஏறியது. தொடர் பரவிய காலத்தில் ஒன்பது கஜ லாரி சாலையில் அபூர்வம்.

பாய்மரக் கப்பல் விளக்கம் கொஞ்சம் நாகரிகமானது. பாய் கட்டும் குறுக்குமரத்துக்கும் ஆங்கிலத்தில் 'யார்ட்' என்றே பெயர். மூன்று மரம், மரத்துக்கு மூன்று குறுக்கு, மொத்தம் ஒன்பது. எல்லாப் பாயையும் விரித்தால் முழுவேகம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பெரிய கப்பல்களில் மரத்துக்கு நான்கு, ஐந்து, ஆறு குறுக்குமரங்கள்கூட இருந்தன. கடல்சார் நூல்களில் இத்தொடர் அகப்படவும் இல்லை. முதல் சான்றுகள் கிடைத்த ஊர்களோ கடலைப் பார்க்காதவை. ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடையான கில்ட்டைச் சொல்லும் கதைக்கும் இதே கதி: உடுப்பு நீளம்தான், ஆனால் சான்று ஸ்காட்லாந்தில் இல்லை. கால்பந்திலிருந்து வந்தது என்ற கதையும் நிற்காது: அமெரிக்கக் கால்பந்தில் அடுத்த வாய்ப்பைப் பெறத் தேவை பத்து கஜம். ஒன்பதோடு நின்றால் அது முழுமை அல்ல, தோல்வி.

நம் புடவைக்கு வருவோம். மடிசாருக்கு ஒன்பது கஜம், மராட்டியரின் நௌவாரிக்கும் ஏறக்குறைய அதே நீளம், அதாவது சுமார் 8.2 மீட்டர். அன்றாடப் புடவை ஆறு கஜம் என்றே பெயர் பெற்றது. அமெரிக்கத் தொடருக்கும் ஆறு, ஒன்பது என்று இரண்டு வடிவம் இருந்ததைப் பார்த்தால் ஜவுளிக்கடைக்காரருக்கே ஒரு நிமிடம் சிலிர்க்கும்! ஆனால் இது வெறும் தற்செயல். 1907இன் மிட்செலுக்குப் புடவை போய்ச் சேர்ந்ததற்கோ, அந்தப் பத்திரிகைக் குறிப்புகள் புடவையைத் தொட்டதற்கோ ஒரு தடயமும் இல்லை. இன்று இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் புடவைக் கட்டுரைக்கு இந்தத் தலைப்பை விடாமல் போடுவதால் பலருக்கு அப்படி ஒரு மயக்கம் வந்துவிட்டது. அது தலைப்பு எழுதுபவரின் சிலேடை, அவ்வளவே. என்னைக் கேட்டால் அந்தச் சிலேடையும் தேய்ந்து நூலாகிவிட்டது.

இந்தக் கதைகளுக்கெல்லாம் பொதுவான பிழை ஒன்று: 'உலகத்தில் ஒன்பது கஜம் எது?' என்று தேடத் தொடங்குவது. அப்படித் தேடினால் எதாவது கிடைத்தே தீரும். ஆறு கஜத்தையும் சேர்த்து விளக்காத எந்தக் கதையும் நிற்காது. மரபுத்தொடருக்கு நேரடி விளக்கமே இருக்காது என்றும் சொல்லவில்லை. இதே பொருள் தரும் 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' உண்மையிலேயே பழைய துப்பாக்கியின் விசை, கட்டை, குழல் என்ற மூன்று பாகங்களிலிருந்து வந்தது. அங்கே பாகங்களின் பெயர், காலம், தொடரின் முதல் சான்றுகள் மூன்றும் ஒத்துப்போகின்றன. இங்கே ஒத்துப்போகவில்லை.

வேறொரு தொடரை நீங்களே துப்புத் துலக்க விரும்பினால் செய்முறை இதுதான். முதலில் அச்சில் வந்த ஆகப் பழைய தேதியைத் தேடுங்கள். அதற்குப் பிந்திய நிகழ்ச்சியைக் காரணமாகச் சொல்லும் கதை அந்த நொடியே ரத்து. அடுத்து இடம், முதல் நாலைந்து சான்றுகள் எந்த வட்டாரத்தில் குவிகின்றன என்று பாருங்கள். பிறகு அந்தச் சான்றுகளில் தொடர் எதைப் பற்றிப் பேச வருகிறது என்பதைக் கவனியுங்கள், இன்றைய பொருளை அதன்மேல் ஏற்றாதீர்கள். அமெரிக்கத் தொடர்களுக்கு, காங்கிரஸ் நூலகத்தின் 'க்ரானிக்லிங் அமெரிக்கா' என்ற பழைய செய்தித்தாள் தொகுப்பு இலவசம். சொல்லை ஒரே வடிவில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். இத்தொடருக்கே 'ஹோல்', 'ஃபுல்', 'ஆல்' மூன்றையும், ஆறு, ஒன்பது இரண்டையும், நடுவில் கோடு போட்டதையும் போடாததையும் மாற்றி மாற்றித் தேட வேண்டியிருந்தது; 'ஹோல் நைன்' என்று மட்டும் தேடியிருந்தால் மிட்செல் குறிப்பு அகப்பட்டே இருக்காது. பழைய அச்சைக் கணினி படிக்கும்போது எழுத்துகள் சிதைவதும் உண்டு, ஆகவே பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

கூகுள் புக்ஸில் கிடைக்கும் தேதியை இன்னும் சந்தேகத்தோடு பாருங்கள். பத்திரிகைத் தொகுதிகளுக்கு அது சில சமயம் பத்திரிகை தொடங்கிய ஆண்டையே இதழின் ஆண்டாகக் காட்டும். 1985ஆம் ஆண்டு இதழ் 1920 என்று வந்து நிற்கும், 'புதிதாக ஒரு பழைய சான்று கிடைத்தது' என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். அதே பக்கத்தில் இருக்கும் விளம்பரம், விலை, ஆட்பெயர் எதையாவது வைத்து ஆண்டை உறுதிசெய்த பிறகே அதைச் சான்றாக எடுங்கள். 'நைன் யார்ட்ஸ்' என்று 19ஆம் நூற்றாண்டில் தேடினால் வந்து குவிபவை பெரும்பாலும் சீட்டித்துணி விளம்பரங்கள். அவற்றைத் தள்ளிவிட்டு, துணியே இல்லாத வாக்கியத்தில் ஒன்பது கஜம் வரும் இடத்தில் மட்டும் நில்லுங்கள்.